தாய்மாமன் மடிக்கு ரெண்டு டோஸ்

தாய்மாமனாக இருப்பது இந்த உலகத்திலேயே சுலபமான வேலை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சீர், செனத்தி என்று முன்னாடி ஆயிரம் பேச்சு இருக்கும். ஆனால் விசேஷத்தன்று பார்த்தால் அவனுக்கு ஒரே வேலைதான். மனையில் உட்கார வேண்டும். மடியில் குழந்தையை வைப்பார்கள். மொட்டை அடிப்பவர் அடிப்பார், காது குத்துபவர் குத்துவார், குழந்தை ஊரைக் கூட்டும், சுற்றி நிற்கிற பெண்கள் சமாதானம் பண்ணுவார்கள். மாமன் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அதற்கு மாலை, மரியாதை, முதல் பந்தியில் இலை.

எனக்குப் பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை. வீடு கடலூரில். காலையில் பைக்கை எடுத்தால் திட்டக்குடியில் ஒரு கடை, காட்டுமன்னார்கோயிலில் ஒரு கடை, லால்பேட்டையில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் என்று சுற்றிவிட்டு, சாயங்காலம் முதுகெலும்பை வழியில் எங்கேயோ தொலைத்தவன் மாதிரி வீட்டுக்கு வருவேன். என்னைப் போல ஒருத்தனுக்கு உட்கார்ந்தே செய்கிற வேலை ஒன்று, அதுவும் பட்டு வேட்டியோடு கிடைத்தால் விடுவானா? நான் விட்டேன்.

என் தங்கச்சி சுகந்தி சிதம்பரத்தில் இருக்கிறாள். கல்யாணமாகி, கோயில் ஆஸ்பத்திரி எல்லாம் அலைந்து, அவளும் மாப்பிள்ளையும் அலுத்துப்போன பிறகு பிறந்தவள் இனியா. அவ்வளவு நாள் காக்க வைத்தவள் கடைசியில் ஏழாம் மாசமே அவசரப்பட்டு வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தவளை நான் வெளியே நின்று பார்த்தேன். மனுஷக் குழந்தை இத்தனை சின்னதாக இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பிழைக்க வேண்டுமே என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டதைப் போல நான் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை.

பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு நிபந்தனை போட்டு அனுப்பினார். சுகந்தி அதைச் சட்டமாக்கினாள்.

"அண்ணே, ஊசி போடாதவுங்க யாரும் கொழந்தையத் தூக்கக் கூடாது. கக்குவானுக்கு ஒண்ணு, ஃப்ளூவுக்கு ஒண்ணு. சின்ன வயசுல அம்மை வராதவுங்களா இருந்தா அம்மை ஊசியும் போட்டுக்கணும். மூணும் போட்டுட்டு வா, நாள் பூரா தூக்கி வச்சிக்கோ."

சிதம்பரத்தில் இருந்த எங்கள் அம்மா போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை போட்டுக்கொண்டார். நானும் முதல் இரண்டை முனகிக்கொண்டே போட்டுக்கொண்டேன். மூன்றாவதில்தான் வண்டி நின்றது. எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா, வரவில்லையா?

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வந்துச்சேடா. நல்லா ஞாபவம் இருக்குது. புயல் வந்த வருஷம்."

"எந்தப் புயல்மா?"

(கடலூர்க்காரனிடம் வந்து 'புயல் வந்த வருஷம்' என்று அடையாளம் சொல்வது, டீக்கடைக்காரரிடம் 'அன்னைக்கு ஒருத்தர் டீ குடிச்சாரே' என்று கேட்பது மாதிரி.)

"வூட்டு ஓடெல்லாம் பறந்துச்சே, அந்தப் புயலு."

"எல்லாப் புயலுக்கும்தாம்மா ஓடு பறந்துச்சு."

இந்த விசாரணை மாசக்கணக்கில் நடந்தது. அம்மா ஒருநாள் வந்தது என்பாள், ஒருநாள் யோசிக்கணும் என்பாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள் சுகந்தி. ஊசி போடணுமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள இன்னொரு ஊசியா? எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதனால் ஒவ்வொரு தடவை சிதம்பரம் போகும்போதும் தொட்டிலுக்கு ஒரு கை தள்ளி நின்று, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த பிறகு இது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் தொழிலே வருமுன் காப்பதுதான். "அண்ணே, புழு வுழுந்தப்புறம் அடிச்சா வேஸ்ட்டுண்ணே, அதுக்கு முன்னாடியே அடிச்சுடணும்" என்று மக்காச்சோளக்காரர்களிடம் தொண்டை கிழியப் பேசுகிறவன் நான். அந்தப் பேச்சை ஒருநாளும் என் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பதினோராம் மாசம் மொட்டையடித்துக் காது குத்துவதாக நாள் குறித்தார்கள். பிச்சாவரம் போகிற வழியில் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம், ஒரு மாரியம்மன் கோயில். சொல்ல வேண்டிய ஜனத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் அம்மா போன் செய்து, ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

"டேய் பாஸ்கரு, அம்மை போட்டது ஒனக்கில்லடா. நம்ம குமரனுக்கு. நீ அவனப் பாத்துட்டு அலறி அடிச்சிகிட்டு சித்தி வூட்டுக்கு ஓடிட்ட. இப்பதான் ஞாபவம் வந்துச்சு."

பின்னாடியே சுகந்தி போனை வாங்கினாள். "அண்ணே, இப்பவாச்சும் போடு. இல்லன்னா மடிக்குக் குமரன் அண்ணனத்தான் கூப்புடணும். எனக்கு வேற வழி இல்ல."

குமரன் என் பெரியப்பா மகன். முறைப்படி பார்த்தால் அவனும் மாமன்தான். அம்மை சின்ன வயதிலேயே வந்துபோய்விட்டது. மற்றதெல்லாம் துபாய் வேலைக்குப் போகும்போது போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது லீவில் ஊருக்கு வந்திருந்தான். எந்தக் குழந்தையை வேண்டுமானாலும், எந்த நேரமும் தூக்கத் தகுதியுள்ள மனுஷன். (பள்ளிக்கூடத்திலும் அவன் அப்படித்தான், வீட்டுப்பாடமெல்லாம் முதல் நாளே முடித்துவிட்டு நம் மூஞ்சியைப் பார்ப்பான்.) அவன் மடியா, என் மடியா என்று ஆனதும் எனக்கு ரோஷம் வந்தது. மறுநாளே கிளம்பினேன்.

பெரியவர்களுக்கு அம்மை ஊசி எங்கே போடுவார்கள் என்று விசாரித்தால், ஆளாளுக்கு ஒரு குழந்தைகள் கிளினிக்கைக் கை காட்டினார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒன்றுக்குப் போனேன். சுவரெல்லாம் கரடியும் முயலும். உட்கார இருந்த நாற்காலி என் முழங்கால் உயரம்.

"பாப்பா எங்க சார்?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"பாப்பா இல்ல. எனக்குத்தான்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் தட்டினாள். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெரியவர்கள் என்று ஒரு ஜாதி இருப்பதே தெரியாது போலிருக்கிறது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து நர்ஸ் குரல் கொடுத்தார்.

"பேபி பாஸ்கர்! பேபி பாஸ்கர் யாரு?"

நான் எழுந்தேன். முட்டி இரண்டும் படக் படக்கென்றது. அதுவரை ஆளுக்கொரு சுருதியில் அழுதுகொண்டிருந்த குழந்தைகளெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. ஒரு தாய் தன் மகனிடம், "பாரு, அந்த மாமாவே அழாம போறாரு" என்றாள். அதற்குப் பிறகு நான் எப்படி அழுவது?

ஊசி போட்டுவிட்டு டாக்டர் நிதானமாக ஏதேதோ சொன்னார். ஒரு மாசம் கழித்து இரண்டாவது டோஸ் போட வேண்டும் என்றது காதில் விழுந்தது. சில பேருக்கு லேசாகப் பரு மாதிரி வரலாம் என்றாராம். அது விழவில்லை. நான் அந்த நேரத்தில் பட்டு வேட்டியைச் சலவைக்குப் போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் சுகந்திக்குச் சொன்னேன். முதல் டோஸ் போட்டாச்சு இல்லையா, சரி, வா, மடி உனக்குத்தான் என்றாள். கடலூரிலிருந்து திட்டக்குடி வரை அன்றைக்கு எனக்கு முதுகே வலிக்கவில்லை.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு. சட்டை அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, போட்டிருந்ததைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நின்றேன். என் மனைவி கலா அடுப்படியில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். என் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

மாமியாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பால்வாடி டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். சொட்டுமருந்துக்கு ஒளிந்துகொண்ட தாய்மார்களை வீடு வீடாகப் போய் இழுத்து வந்த கை அது. ஊசி விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

"மாப்ள, கொஞ்சம் திரும்புங்க" என்றார்.

திரும்பினேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"கலா, அடுப்ப அணை. தாளிக்காத."

"எண்ணெ காஞ்சுடுச்சும்மா, கடுகு கையில இருக்குது..."

"கடுகக் கீழ வையி. ஆத்தா வந்துருக்கா."

கண்ணாடியில் பார்த்தேன். வயிற்றிலும் முதுகிலும் நீர் கோத்த முத்துகள் அங்கொன்று இங்கொன்றாக. கிள்ளைக் கழிமுகப் பக்கம் போனேன், கொசு கடித்திருக்கும் என்றேன். கலா கிட்டே வந்து பார்த்துவிட்டு, "சட்டைக்குள்ள பூந்து தேடித் தேடி கடிச்சிருக்குதா அந்தக் கொசு?" என்றாள்.

"அத்த, இது ஊசியால வந்தது. அம்மை இல்ல. ஒங்களுக்குத் தெரியாததா?" என்று மாமியாரிடம் கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியும். ஊசி போட வேண்டியதுதான். வேப்பில கட்ட வேண்டியதுதான். அது வேற டிபார்ட்மெண்டு, இது வேற டிபார்ட்மெண்டு."

அரை மணியில் வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. பாய்க்கு மேல் வேட்டி, வேட்டிக்கு மேல் வேப்பிலை, அதற்கு மேல் நான். நெற்றியிலும் கன்னத்திலும் மஞ்சள். தாளிப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, சீப்பு கிடையாது, சவரம் கிடையாது. பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. அம்மை கண்டவர்களை எங்கள் பக்கத்தில் ஆத்தாளாகவே நினைத்துத்தான் பேசுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து 'வாங்க மாப்ள, போங்க மாப்ள' என்று மரியாதையாகவே பேசிய என் மாமியார், கையில் இளநீரோடு வந்து என் முன்னால் குனிந்து நின்றார்.

"குடிச்சிக்கிறியா தாயே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

கலா அதுவரை திட்ட வாயெடுத்தவள் கப்பென்று மூடிக்கொண்டாள். ஆத்தாளைத் திட்டக் கூடாது. ஈர டவலைக் கட்டிலில் போட்டாலும் திட்டக் கூடாது. (உண்மையைச் சொல்கிறேன், ஒரு மணி நேரம் எனக்கு அது பிடித்திருந்தது.) இருக்கிற அதிகாரத்தைப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஆம்லெட் கேட்டேன். ஆத்தா முட்டை சாப்பிட மாட்டாள் என்று கேழ்வரகுக் கூழ் வந்தது. சரி, சிதம்பரத்துக்காவது விடுங்கள், ஆத்தா உத்தரவு என்றேன்.

"ஆத்தா வந்த வூட்டுலேர்ந்து ஆளு வெளிய போவக் கூடாது தாயே."

"அத்த, விசேஷமே மாரியம்மன் கோயில்லதான்."

"அவளே ஒன் ஒடம்புல எறங்கி இருக்கா. அவளப் பாக்க நீ எதுக்குக் கோயிலுக்குப் போவணும்?"

 

கடைசி நம்பிக்கையாக டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். படித்தவர், மாமியாருக்கு நாலு வார்த்தை எடுத்துச் சொல்வார் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஊசியால வந்ததாத்தான் இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல, தானா அடங்கிடும்" என்றார் டாக்டர்.

நான் மாமியாரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆனா இது காயற வரைக்கும் வீட்டுலயே இருங்க. கைக்குழந்தைங்க பக்கத்துல மட்டும் போயிடாதீங்க. அதுலயும் குறைமாசத்துல பொறந்த குழந்தைன்னு சொல்றீங்க. வேணவே வேணாம்."

மாமியார் போனைப் பார்த்துத் தலையாட்டினார். ஆத்தாளும் டாக்டரும் இப்படி ஒரே தீர்ப்பு சொன்னால் மனுஷன் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

சுகந்திக்கு நானே சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுதாள். "எத்தன நாள் வேண்டியிருப்பேண்ணே, ஒன் மடியில வச்சுக் காது குத்தணும்னு" என்றாள். கொஞ்சம் பொறுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வராதண்ணே" என்றாள். தள்ளிப்போடவும் வழியில்லை. அடுத்தது ரெட்டைப்படை மாசம், குத்த மாட்டார்கள். புயலையும் அம்மாவின் ஞாபகத்தையும் குறை சொல்லலாம்தான். ஆனால் டாக்டர் சொன்னபோதே அந்த ஊசியைப் போட்டிருந்தால் இந்த முத்துகள் எப்போதோ வந்து எப்போதோ போயிருக்கும். அன்றைக்கு எனக்கு என் மேலேயே அப்படியொரு அலுப்பு வந்தது.

விசேஷத்தன்று காலையில் மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார். போனைக் கூட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். குமரன் பட்டு வேட்டியில் மனையில் உட்கார்ந்திருந்தான். நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தான், குறை சொல்ல முடியாது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இனியா அவன் மடியில் இருந்தாள். இங்கே நான் வேப்பிலைக்கு நடுவில், மூஞ்சி நிறைய மஞ்சளோடு, இரண்டு நாளாகச் சீப்பு படாத தலையோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் பொதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அங்கேதான் வினை. குமரனுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வழிச் சொந்தக்கார அம்மா ஒருத்தர் நின்றிருந்தார். கண் அவ்வளவாகத் தெரியாது. போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். மஞ்சள் முகம், பின்னால் வேப்பிலை, விரித்த தலை. கோயிலில் இப்போதெல்லாம் இப்படித்தான் அம்மனைக் காட்டுகிறார்கள் என்று முடிவு செய்துகொண்டார் போல. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, எங் கொழந்தையக் காப்பாத்து" என்று சொல்லி, தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தார். எனக்குத் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

காது குத்தியதை நான் பார்க்கவில்லை. குங்குமத்துக்குப் பின்னாலிருந்து அவள் வீரிட்டு அலறியது மட்டும் கேட்டது. இங்கே எனக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பதினோரு மாசம் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, அவள் அழும்போதுகூடப் பிடித்துக்கொள்ள நான் இல்லை.

"அழுவாத தாயே. ஆத்தா கண்ணு கலங்குனா வூட்டுக்கு ஆவாது" என்றார் மாமியார், முந்தானையால் என் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முத்தெல்லாம் காய்ந்து உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். சுகந்தி இனியாவை என் கையில் கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு உட்காரவே தோன்றவில்லை. திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகும் வரை அந்தக் கூடத்தில் நின்றுகொண்டே அவளை வைத்திருந்தேன்.

அதோடு போச்சா? போகவில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயர் மாறிவிட்டது. மாப்பிள்ளை, "வாங்க தாயே, பஸ்ஸுல கூட்டமா?" என்பார். கலா, திட்டும்போது மட்டும், "ஏன் தாயே, டவல எங்க போட்டீங்க?" என்பாள். குமரன் துபாயிலிருந்து போன் பண்ணினால் முதலில் குறி கேட்பான். இனியாவுக்குப் பேச்சு வந்தபோது மாமா என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தோம். ஊரே தாயே என்று கூப்பிடுகிறவனை அவள் மட்டும் ஏன் மாமா என்று கூப்பிட வேண்டும்? தாயே என்றுதான் கூப்பிட்டாள்.

இந்த வருஷம் சுகந்தி போன் செய்தாள். "அண்ணே, இனியாவுக்கு எடது காது தூந்துபோச்சு. சீழ் புடிச்சு கம்மலக் கழட்டுனது, அப்புடியே மூடிக்கிச்சு. திரும்பக் குத்தணும்."

நான் கட்டிலிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். "நான் வரட்டா?"

"ரெண்டாவது டோஸ் போட்டியா?"

(சாதாரணமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் இருமினேன்.)

"இவ்வளவு நாளாவாண்ணே! போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு வா. அதுவரைக்கும் காது காத்துகிட்டு இருக்கும்."

மஞ்சக்குப்பத்து கிளினிக்கில் முயலும் கரடியும் அப்படியே இருந்தன. கம்ப்யூட்டரும் என்னை மறக்கவில்லை. "பேபி பாஸ்கர்!" என்று கூப்பிட்டதும் முன்பைவிட மெதுவாக எழுந்து போனேன். அடுத்த ஒரு மாசம் என் மாமியார் காலையில் காபி கொடுக்கும்போதெல்லாம் என் முதுகைத் திருப்பிப் பார்த்தார். வாசல் வேப்பமரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லை.

சிதம்பரத்தில் ஒரு நகைக்கடை. மாலை இல்லை, மனை இல்லை, பந்தி இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில், பைக் ஓட்டி வந்த பேண்ட்டோடு நான் உட்கார்ந்தேன். சுகந்தி இனியாவைத் தூக்கி என் மடியில் வைத்தாள். காது குத்துகிறவர் ஊசியைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். குத்தியதும் கடை அதிர அலறினாள். வலிக்கிறது என்று தெரிகிறது, என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயில் தானாக வந்ததைச் சொன்னேன்.

"அழுவாத தாயே, அவ்ளோதான், ஆச்சு தாயே."

அலறல் சட்டென்று நின்றது. கண்ணெல்லாம் தண்ணீரோடு, கடும் கோபத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இல்ல. நீதான் தாயே!"

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள். சுகந்தி சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது குத்தியவர் என் மீசையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடியும் என் மீசையைப் பார்த்தார்.  அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமனுக்கு அதுதானே வேலை.